பாறை வளைவுக்குக் கண்ணீர் அஞ்சலி

ரொடோப் மலை,
ஏப்ரல், ஞாயிறு

அன்புள்ள வெலின் அண்ணாவுக்கு,

நான் நலம். அப்பா நலம். ஆடு எங்கள் இருவரையும்விட நலம். ஜெர்மனி உன்னை எப்படி வைத்திருக்கிறது?

பனி விட்டதும் நம் பாறை வளைவைப் பார்க்கச் சுற்றுலாக்காரர்கள் மலையேறி வருகிறார்கள். படம் எடுத்துவிட்டு நம் விடுதியில் பீன்ஸ் சூப் குடிக்கிறார்கள். மேலே ஏறக்கூடாது என்று இப்போது கயிறு கட்டிவிட்டார்கள். நம் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு அம்மா அதன் மேல் நடத்திப் போவாளே, நினைவிருக்கிறதா? "கீழ பாக்காதீங்க" என்பாள். தானே முதலில் பார்த்து அலறுவாள். நீ சிரித்துச் சிரித்து அங்கேயே உட்கார்ந்துவிடுவாய்.

போன வாரம் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. யார் செத்தாலும் மரத்திலும் கதவிலும் ஒட்டுவோமே, அதே மாதிரி கறுப்புக் கட்டம் போட்ட அஞ்சலித் தாள் ஒன்றை வளைவுக்கும் அடித்து வழிகாட்டிப் பலகையில் ஒட்டினேன். 'பல லட்சம் ஆண்டுகள் குனிந்தே வாழ்ந்து, இடுப்பு வலியால் மறைந்தது.' துக்கத்தில் வாடும் குடும்பத்தார்: அப்பா, நீ, நான், ஆடு.

ப்ளோவ்திவ் நகரிலிருந்து வந்த ஒரு அம்மாள் அப்பாவிடம், "ஐயோ, எப்ப இடிஞ்சுது? முட்டி வலியோட ஏறி வந்தேனே!" என்று அழுதிருக்கிறார். அப்பா கரண்டியோடு ஓடி வந்தார். "கழுத! நல்லா நிக்கறதுக்கு ஒப்பாரியா?" என்றார். "முன்பதிவுப்பா" என்றேன். அடி விழும் என்று பார்த்தால் விழவில்லை. தாளையே பார்த்து நின்றவர், "அவன் பேரையும் போட்டிருக்கியே" என்றார். கரண்டி கீழே இறங்கிவிட்டது.

மே மாதம் அம்மா போய் ஓராண்டு. நினைவுத் தாளில் போட அப்பா அவள் படத்தைத் தேடி எடுத்து வைத்துவிட்டார். குடும்பத்தார் பெயர்தான் பாக்கி. அச்சகத்து மித்கோ மாமா போன் செய்தால், "கொஞ்சம் பொறுடா" என்கிறார். ஏன் என்று கேட்டேன். "வராதவன் பேர அவ படத்துக்குக் கீழ போட்டா பொய். போடாம விட்டா அதவிடப் பெரிய பொய்" என்றார்.

அவராக உன்னைக் கூப்பிடமாட்டார். அடக்கத்தன்று கதவை அறைந்து சாத்திவிட்டுப் போன நீயும் கூப்பிடமாட்டாய். நம் வீட்டில் வளைந்து கொடுப்பது அந்தப் பாறை ஒன்றுதான்.

அப்பாவுக்கு எழுத வேண்டாம், எனக்கு எழுது. வருகிறேன் என்று ஒரே வார்த்தை போதும். இந்த முறை குறும்பு எதுவும் செய்யாமல் அம்மாவின் தாளை அச்சகத்துக்கு நானே கொண்டுபோகிறேன். என் பெயருக்கு மேலே ஒரு வரி இடம் விட்டு வைத்திருக்கிறேன் அண்ணா.

உன் தங்கை,
கலினா