புல்வெட்டும் மெஷின் நின்ற காரணம்

என் ராசாவுக்கு,

கண்டுபிடித்துவிட்டேன்! உங்கள் மெஷின் ஏன் நின்றது என்று கண்டுபிடித்துவிட்டேன். லயத்து வீட்டுக்கு வந்து இன்னும் கைகூடக் கழுவவில்லை. விரலில் பெட்ரோல் வாசத்தோடு எழுதுகிறேன்.

பங்களாப் புல்தரையில் பத்து நிமிடம் ஓடும், இருமும், நின்றுவிடும். பிளக்கைக் கழற்றித் துடைப்பீர்கள். கார்புரேட்டரை மூன்று தடவை பிரித்துக் கழுவினீர்கள். பெட்ரோல் இருக்கிறதா என்று டாங்கி மூடியைத் திறந்து பார்த்துவிட்டுக் கயிற்றை இழுத்தால் மறுபடி ஓடும். அதுவும் பத்து நிமிடம்தான். கடைசியில் விருந்தாளிகள் முன்னால் தோட்டத்துத் துரை, "கருப்பையா, நீ மெஷின் கெடுத்துட்டே" என்று சொல்லி, உங்களைத் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்ட மலைக்கு அனுப்பிவிட்டார். உங்களைக் கொண்டுபோன அந்தக் காய்ச்சலில் கிடந்தபோதும், "அது ஏன் புள்ள நிக்குது?" என்றுதானே கேட்டீர்கள்?

இன்று காலை ரோசாப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். உங்களுக்குப் பிறகு மெஷின் தள்ளுகிற சவரிமுத்து பெட்ரோல் ஊற்றிவிட்டு ஓட்ட ஆரம்பித்தான். பத்து நிமிடம் போனது. நிற்கவில்லை. அந்தக் கோடி வரை போய்த் திரும்பியும் நிற்கவில்லை! என்ன அதிசயம் என்று எழுந்து பார்த்தால், டாங்கி மூடி புல்லில் கிடக்கிறது. போட மறந்திருக்கிறான்.

"சவரிமுத்து, மூடியப் போட்டு ஓட்டு."

"இப்பதான் நல்லா ஓடுதுக்கா. கை வைக்காதீங்க."

"சொல்றதச் செய்யப்பா."

போட்டான். கொஞ்ச நேரத்தில் நின்றது. கழற்றினான், ஓடியது. மூடியை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம், நடுவில், குண்டூசி முனை அளவு துளை. மேல்பக்கம் அது இல்லை. மழை முடிந்ததும் துரு ஏறுகிறது என்று துரை ஆள் வைத்து மெஷினுக்குப் பச்சைப் பெயிண்டு அடித்தாரே, அது அடைத்திருக்கிறது! காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் எப்படிக் கீழே இறங்கும்? மூடியைத் திறந்தபோதெல்லாம் நீங்கள் அறியாமலே வைத்தியம் பார்த்திருக்கிறீர்கள்.

சேலையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்துத் துளையைத் திறந்தேன். மூடியோடு அரை மணி நேரம் ஓடியது. துரையே வெளியே வந்துவிட்டார். எனக்கு அந்த நேரம் பயமே இல்லை.

"தொர, எங்க வீட்டுக்காரரு மெஷினக் கெடுக்கலீங்க. பெயிண்டு அடச்சிருக்குங்க."

மூடியைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். முகம் சிவந்தது. "கருப்பையா மேலே தப்பு இல்லே. நான்தான் தப்பா சொல்லிட்டேன்" என்றார். தோட்ட வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா, சமையல்காரர், எல்லாரும் நிற்கும்போதே சொன்னார். உங்களுக்குக் கேட்டிருக்குமா?

இன்னும் கேளுங்கள். டயகமப் பக்கம் துரையின் சிநேகிதர் பங்களாவில் ஒரு மெஷின் கிளம்பவே மாட்டேன் என்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கச் சொல்கிறார்கள். என்னை! "அக்கா மெக்கானிக்கு ஆயிட்டாங்க" என்று சவரிமுத்து லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

போகிறேன். முதலில் பிளக்கில் பொறி வருகிறதா என்று பார்ப்பேன், பிறகு பெட்ரோல் வருகிறதா என்று. யார் அவசரப்படுத்தினாலும், காரணம் தெரியாமல் அங்கே மெஷின் ஓட்டுகிறவர் மேல் மட்டும் பழி போட மாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் மனைவி,
லெட்சுமி