வழுக்கிய முள்

ஜூன் 3
இன்றும் வெறுங்கை. கடலடியில் பல தடவை தட்டியது. ஹாலிபட் என்ற பெரிய தட்டை மீன்தான், காட் மீன் இவ்வளவு கனமாகத் தட்டாது. தட்டியதுமே தூண்டில் ராடைச் சுண்டினேன். ஒரு நொடி பாரம், பிறகு ஒன்றுமில்லை. ஐலிஃப் மட்டும் மீனை ஏற்றிக்கொண்டே இருந்தான். ஒரே படகு, ஒரே ஆழம், இரையாகக் கட்டியதும் ஒரே மாதிரி ரப்பர் மீன்.

"கடல் எல்லாருக்கும் ஒண்ணுபோல குடுக்காது, ரன்வைக்," என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

ஜூன் 5
என் கணவன் ஸிவெர்ட்டைக் கடல் கொண்டுபோன பிறகு படகு என் பேரில் இருக்கிறது. குளிர்காலத்தில் அவன் தம்பி ஐலிஃப் கேட்டான்: "படகை எனக்கு வித்துட்டு, கரையில ஏதாவது வேலை பாரேன்." முடியாது என்றேன். அதன் பிறகு அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அதுதான் உறுத்துகிறது.

ஜூன் 6
ஹம்மர்ஃபெஸ்ட் நகரத்துக்குப் போயிருந்தேன். தூண்டில் கடை தோர்டிஸ் சிரித்தாள். "தட்டினதும் சுண்டுறியா? மீன் வாயில வச்சுப் பாக்குறதுக்குள்ள நீயே பிடுங்கிடுற. ராடைத் தாழ்த்திக்கிட்டு காத்திரு. பாரம் ஏறினப்புறம், சுண்டாம, தூண்டில் நரம்பைச் சுத்திக்கிட்டே ராடை நிமிர்த்து. ரப்பர் மீனோட வால்கிட்ட இன்னொரு முள்ளு கட்டு. நகத்துல வச்சா முள்ளு வழுக்கக் கூடாது, ஒட்டணும்."

படகில் இருந்த என் முட்களை நகத்தில் வைத்துப் பார்த்தேன். வழுக்கின. போன மாதம்தான் வாங்கியவை. பாறையில் உரசியிருக்கலாம் — எல்லாமேவா?

ஜூன் 7
எல்லாவற்றையும் அரத்தால் தீட்டினேன். ஒட்டின. படகிலேயே வைத்துவிட்டு, படகு நிற்கும் கொட்டகையைப் பூட்டினேன். சாவி எனக்கும் ஐலிஃபுக்கும் மட்டும்தான்.

ஜூன் 8
வழுக்குகிறது.

ஜூன் 9
ஐலிஃப் வாஃபிள் சாப்பிட வந்தான். "நேத்து கொட்டகைக்குப் போனியா?"

"எஞ்சினுக்கு எண்ணெய் ஊத்தப் போனேன்."

போய்ப் பார்த்தேன். ஊற்றித்தான் இருக்கிறான். உண்மைக்குள் ஒளிந்துகொள்கிறானா?

ஜூன் 11
கையும் களவுமாகப் பிடித்தேன். படகுக்குள் குந்தி, என் முள்ளின் முனையைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு படகுக்காக இவ்வளவு கீழ இறங்குவியாடா?"

"படகு யாருக்கு வேணும்? அண்ணன் கையில தூண்டில் நரம்பு சுத்திக்கிச்சு. மீன் அப்படியே இழுத்துட்டுப் போச்சு. கைக்கெட்டுற தூரத்துல நின்னேன் ரன்வைக். உன் நரம்புல ஒவ்வொரு தடவ தட்டும்போதும் எனக்கு…" அழுதுவிட்டான்.

"பயம்னா எங்கிட்ட சொல்லியிருக்கணும். என் முள்ளுகிட்ட இல்ல."

ஜூன் 12
கடலுக்குப் போகவில்லை. நம்பலாமா? பயந்தவன் படகை ஏன் கேட்டான்? படகு கையில் இல்லாவிட்டால் நான் கரையிலேயே இருப்பேன் என்றா? இருக்கலாம். அழுதது நடிப்பில்லை. அதற்காக என் ஆத்திரம் தணிந்துவிடுமா?

ஜூன் 14
தீட்டிய முட்களை என்னோடே வைத்திருந்தேன். வால்பக்க முள்ளும் கட்டினேன். ஐலிஃபும் படகில் ஏறிக்கொண்டான்.

தட்டியது. கை சுண்டத் துடித்தது. ராடைத் தாழ்த்தினேன். இன்னொரு தட்டு. பிறகு மெல்ல, கடலடியே நகர்வதுபோல ஒரு பாரம். சுற்றினேன், நிமிர்த்தினேன். ராடு வளைந்து தண்ணீரைத் தொட்டது.

ஐலிஃப் கத்தியோடு ஓடி வந்தான். "நரம்ப அறுத்துடவா?"

"அறுத்தா இனி இந்தப் படகுல ஏறாத."

ஒரு கையால் என் மேலங்கியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். நரம்பு மறுபடி மறுபடி கீழே ஓடியது. கடைசியில் மேலே வந்தது — கதவளவு மீன்.

"கத்தியை வச்சுட்டு ஈட்டியை எடு."

எடுத்தான். முதல் குத்து தவறியது. இரண்டாவது இறங்கியது. அதன் பிறகும் என் மேலங்கியை அவன் விடவில்லை.

ஜூன் 20
காற்று. மலைகளுக்கு நடுவே நுழையும் எங்கள் ஃபியோர்டுக்கு வெளியே அலை வெள்ளையாக உடைகிறது. நான் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தபோது ஐலிஃப் வாசலில் வந்து நின்றான். "எனக்கு பயமா இருக்கு ரன்வைக். இன்னிக்கு வேணாம்."

சரி என்றேன். இருவருமாக விறகு அடுக்கினோம்.