பூனை விளக்கு

என்னங்க,

பத்திரிகையிலிருந்து படத்தை வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருந்தீர்களே, அந்தப் பூனை விளக்கை இன்று வாங்கிவிட்டேன்.

அதை வடிவமைத்த அந்த அம்மாவின் கடைக்கே போனேன். நாற்காலிக்கு யானைக் காது. கூரையில் தலைகீழாகத் தொங்கும் குடைகளுக்குள் வெளிச்சம். இரும்புக்கடைக்காரி நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அவரை ஏன் இப்படிக் கொண்டாடுகிறீர்கள் என்று இன்றைக்குத்தான் புரிந்தது. பூனையின் வாலை இழுத்தால் உடம்பெல்லாம் வெளிச்சமாகிறது.

வழக்கம்போல் பாதி விலைக்குக் கேட்டேன்.

"கட்டுப்படியாகாதும்மா. யாருக்கு வாங்கறீங்க?"

"வீட்டுக்காரருக்கு. வெளியூர் ஆஸ்பத்திரியிலேர்ந்து அடுத்த வாரம் வர்றார். வலது கை இன்னும் சொன்ன பேச்சு கேக்கல. லைட் போடக்கூட என்னைக் கூப்பிடணுமேன்னு இப்பவே மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கார்."

அவர் விளக்கைத் திருப்பிப் பார்த்தார். "வால் வலது பக்கமா இருக்கே. மாத்திடலாம். பூனைக்கு ஒண்ணும் வலிக்காது."

அதற்கு மேல் பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை. விளக்கு இடது கைக்கு எட்டட்டும் என்று வீட்டில் உங்கள் கட்டிலை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டிருக்கிறேன்.

பேசி முடித்தது இதுதான்: அவர் சொன்ன விலையை நான் முழுசாகத் தருகிறேன், நீங்கள் வீடு வருவதற்குள் வாலை இடது பக்கம் வைத்து அவர் தருகிறார்.

உங்கள்
வீட்டுக்காரி