பெரிசா வெட்டின காஜா

உ

விருத்தாசலம்
14-2-1974

அன்புள்ள மாமாவுக்கு,

அம்புஜவல்லி எழுதுறது. நான் இங்க சுகம். ஜெயராஜ் அண்ணன் வூட்டுல எல்லாரையும் கேட்டதாச் சொல்லுங்க. மெட்ராஸ்ல வேலை தேடி அலையறதுல வேளைக்குச் சாப்பிடுறீங்களா?

மாமா, வந்துடுச்சு! வராதுன்னு சொன்னீங்களே, மறுபடி மெடிக்கல் போர்டுக்கு வரச்சொல்லி லெட்டர் வந்துடுச்சு. பீங்கான் சென்டர்ல பொம்மை அச்சுல மண்ணு ஊத்திக்கிட்டு இருந்தேன். தபால்காரர் சாமிக்கண்ணு அங்கேயே வந்து குடுத்தாரு. கையைக்கூடக் கழுவலை, கவர் பூரா என் விரல்தான். இங்கிலீசுல இருந்துச்சு, மேஸ்திரி ராஜாங்கத்தை ரெண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். மார்ச் நாலாம் தேதி காலைல எட்டு மணிக்கு மெட்ராஸ் மிலிட்டரி ஆஸ்பத்திரியில இருக்கணுமாம். லெட்டரை இதோட வச்சிருக்கேன், பத்திரம்.

அப்பீல்ல வேண்டாவெறுப்பா கையெழுத்துப் போட்டீங்க இல்ல, இப்ப என்ன சொல்றீங்க? நான் காலையில இருந்து தரையில நிக்கலை.

போன தடவை பதினஞ்சு பெர்சென்ட்னு எழுதினாங்க. இருபதுக்குக் கொறைஞ்சா ஊன பென்ஷன் கிடையாதுன்னுட்டாங்க. சண்டையில குண்டுச் சிதறல் பட்டு, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மடங்காத சோத்துக் கைக்குப் பதினஞ்சான்னு அந்த டாக்டருங்களை நான் திட்டாத திட்டு இல்லை. ஆனா தப்பு அவங்க மேல இல்லைங்க. சட்டையைக் கழட்டி மாட்டச் சொன்னாங்க, நீங்க மளமளன்னு மாட்டிக் காட்டினீங்க. கஷ்டம் இருக்கான்னு கேட்டதுக்கு இல்லை சார்னு விறைப்பா நின்னீங்க. வேற என்ன எழுதுவாங்க?

ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நீங்க கிளம்புறதுக்கு முன்னாடி அந்தச் சட்டையில பொத்தான் நுழையற காஜாவை எல்லாம் பிரிச்சு, பெரிசா வெட்டித் தைச்சது நான்தான். ஆபீசருங்க முன்னாடி நீங்க தடுமாறக் கூடாதுன்னு செஞ்சேன். கை தேறிடுச்சு அம்புஜம்னு வந்து சிரிச்சீங்க. காஜாவைப் பத்திச் சொல்லாம நானும் கூடச் சிரிச்சேன்.

பக்கத்து வூட்டு விருத்தகிரி ஞாயித்துக்கிழமை மெட்ராஸ் வராரு. அவர்கிட்ட புதுச் சட்டை குடுத்து அனுப்புறேன். டெய்லர் எடுத்த காஜா, நான் தொடலை. போர்டுக்கு அதைத்தான் போட்டுக்கிட்டுப் போவணும். பொத்தான் நுழையலைன்னா நுழையலைன்னு சொல்லுங்க. சூளையில இருந்து வர கோப்பையை ராஜாங்கம் தட்டித்தான் கீறல் கண்டுபிடிப்பாரு. உங்களை டாக்டரு தட்டினா நீங்க சத்தமே காட்ட மாட்டேங்கிறீங்க! பட்டாளத்து வீராப்பை அன்னிக்கு ஒருநாள் ஜெயராஜ் அண்ணன் வூட்டுலயே வச்சுட்டுப் போங்க.

பொத்தான் போட்டு விடவான்னு கேட்டப்ப எல்லாம் என் கையைத் தள்ளி விட்டீங்க. ரெண்டு வருஷமா பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். பழமலைநாதர் உங்க கூட வருவாரு. போர்டு முடிஞ்சதும் சட்டையை மாட்டப் போராடாதீங்க. திறந்தபடியே பஸ் ஏறி வூட்டுக்கு வந்துடுங்க. நான் போட்டு விடுறேன்.

உங்க
அம்புஜவல்லி