இரண்டாம் தாள்

மார்ச் 3, திங்கள்

சின்னவள் இன்று மாநகராட்சியில் எங்கள் அமலாக்கப் பிரிவுக்கு வந்தாள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். நானும் நின்றேன். என் கொழுந்தனார் மனைவி, என் ஓரகத்தி. வந்த புதிதில் வீட்டு வரி ரசீதைக் காட்டி “இதுல பேரை எங்க எழுதணும்க்கா?” என்று கேட்டவள். ஆறு மாதமாக மேயர். நான் இருபத்திரண்டு வருஷமாக அதே மேஜை, அதே ஆய்வாளர்.

“உட்காருங்க, உட்காருங்க” என்றாள். உட்கார்ந்தோம். அவள் சொல்லி நான் உட்கார வேண்டியிருக்கிறது!

நடைபாதை விதியை விளக்கினாள். பாதையில் நீட்டிக்கொண்டிருக்கும் படி, மேடை, பலகை எல்லாம் போக வேண்டும். நோட்டீஸ் ஒட்டி ஏழு நாள் அவகாசம். நோட்டீஸோடு இரண்டாம் தாள் ஒன்று கண்டிப்பாகச் சேர்த்துக் குத்த வேண்டும். நடக்க முடியாதவர் இருக்கும் வீட்டுக்கு விலக்கு கேட்கும் படிவம். வீட்டார் எழுதிக் கொடுக்கலாம், ஆய்வாளர் தானே பார்த்தும் எழுதலாம். கைதட்டினார்கள்.

அந்த இரண்டாம் தாள் என் யோசனை. என் சமையலறையில், நான் காய் நறுக்கிக்கொண்டே சொன்னது. “எங்க வீட்ல ஒருத்தர் சொன்னாங்க” என்றாள் மன்றத்தில். வீட்ல ஒருத்தராம். உறவை ஆபீஸில் சொல்லக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியது நான்தான், சரி. அதுக்காக?

மார்ச் 5, புதன்

இவர் சாப்பிடும்போது, “தம்பி பொண்டாட்டி டிவில நல்லா பேசுச்சுல்ல?” என்றார். பார்க்கவில்லை என்றேன். பார்த்தேன். இரண்டு தடவை பார்த்தேன். புடவை மடிப்புக்கூட கலையவில்லை அவளுக்கு.

மார்ச் 7, வெள்ளி

தெருப் பட்டியல் வந்தது. அவள் வீட்டுத் தெரு என் பங்கில்.

அவள் வீட்டு வாசலில் சிமெண்ட் சாய்தளம் இருக்கிறது. மாமனாரின் சக்கர நாற்காலிக்காகப் போட்டது. நடைபாதையில் மூன்றடி நீட்டு. எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, அதனால் மாமா அங்கேதான். தினம் காலையில் அந்தச் சாய்தளத்தில் இறங்கி முக்குக் கடைக்குப் போய் பேப்பர் வாங்கி, கடைக்காரரோடு ஒரு சண்டை போட்டுவிட்டுத் திரும்புவார்.

உறவுக்காரர் வீடு என்றால் வேறு ஆய்வாளருக்கு மாற்றிவிட வேண்டும், அதுதான் முறை. மாற்றவில்லை. போன் வரும், பார்க்கலாம். “அக்கா, நம்ம வீட்டைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க” என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்கட்டும்.

மார்ச் 10, திங்கள்

ஒட்டிவிட்டேன்.

கதவு சாத்தியிருந்தது. நாலு மூலையும் பசை தடவி, கையால் நீவி, தேதி தெரிய போட்டோ எடுத்தேன். தெருவில் பதினேழு வீடு. பதினாறுக்கு இரண்டாம் தாள் குத்தினேன். அவள் வீட்டுத் தாள் பையிலேயே இருந்தது. கை போகவில்லை. மறந்துவிட்டேன் என்று இங்கே எழுதிக்கொள்ளலாமா? யாரை ஏமாற்ற?

மார்ச் 11, செவ்வாய்

போன் வரவில்லை.

மார்ச் 13, வியாழன்

வரவில்லை. அவள் நினைத்தால் ‘நிறுத்தி வைக்கவும்’ என்று கோப்பில் இரண்டு வார்த்தை எழுதினால் போதும், மேயருக்கு அந்த அதிகாரம் உண்டு. எழுதட்டும் என்று காத்திருக்கிறேன். எழுதினால் ஊரே கிழிக்கும். மத்தவங்க வீட்டுப் படி மட்டும் இளக்காரமா என்று கேட்கும்.

எங்கள் குமாஸ்தாவுக்கு ‘தந்தி’ என்று பெயர் வைத்திருக்கிறோம், சேதி அவ்வளவு வேகம். மத்தியானம் வந்து காதைக் கடித்தான். “மேயர் வீட்டுக்கே நோட்டீஸாம் மேடம்! உங்களுக்குத் தைரியம் ஜாஸ்தி.” சிரித்தேன். உள்ளே குளுகுளுவென்று இருந்தது. அதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

மார்ச் 17, திங்கள்

ஏழாம் நாள். கோப்பை மூன்று முறை பார்த்தேன். ஒன்றும் எழுதவில்லை அவள்.

மார்ச் 18, செவ்வாய்

அவளே ஆளை வரவழைத்து இடித்துவிட்டாள். எங்கள் வண்டி போய்ச் சேருவதற்குள் சல்லியைக்கூட அள்ளியாயிற்று. சாயங்காலச் செய்தியில் காலி வாசலைக் காட்டினார்கள். ‘சட்டம் தன் வீட்டிலிருந்து’ என்று தலைப்பு. அவளுக்கு மேலும் பெயர். நான் ஒட்டின நோட்டீஸில்! தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றியது.

“அப்பா எப்படிம்மா இனிமே வெளியே போவார்?” என்று இவர் கேட்டார். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

மார்ச் 20, வியாழன்

முக்குக் கடைக்காரர் என்னை நிறுத்தி, “பெரியவருக்கு உடம்பு சரியில்லையா? ரெண்டு நாளா ஆளைக் காணோமே. சண்டை போட ஆளில்லாம போரடிக்குது” என்றார்.

மார்ச் 23, ஞாயிறு

போனேன். இவர் இழுத்த இழுப்பில்தான் போனேன்.

மாமா ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். பேப்பரை யாரோ வாங்கிக் கொடுத்திருந்தார்கள், மடிப்புப் பிரியாமல் மடியில் கிடந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “வாம்மா பெரியவளே. நோட்டீஸ் நீதானே ஒட்டினே? ஒரு சுருக்கம் இல்ல. பார்த்ததுமே சொல்லிட்டேன், இது நம்ம பொண்ணு வேலைன்னு.” பெருமையாகச் சொன்னார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

சமையலறைக்குப் போனேன். மேயர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கையில் கீறல், பழைய நைட்டி. துருவியை வாங்கிக்கொண்டேன்.

“ஏன் நீ ஒரு வார்த்தை கேக்கல?” என்றேன். “விலக்கு இருக்குன்னு உனக்குத் தெரியாதா?”

“இரண்டாம் தாளைச் சொன்னதே நீங்கதானேக்கா, தெரியாமலா? நான் எழுதிக் குடுத்தா அது விண்ணப்பமா? உத்தரவுல்ல? யார் மாட்டேன்னு சொல்லுவாங்க? நீங்களா எழுதினாத்தான் செல்லும்.” கையைத் துடைத்துக்கொண்டாள். “தாளைப் பின்னாடி குத்தலைன்னதும், அக்கா கையிலேயே எழுதி எடுத்துட்டு வருவாங்கன்னு நினைச்சேன். ஏழு நாளும் சாயங்காலமானா வாசலைப் பார்த்துக்கிட்டே இருந்தேன்.”

நான் அவள் போனுக்காகக் காத்திருந்த அதே ஏழு நாள்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து தூங்கியிருப்பேன்.

மார்ச் 24, திங்கள்

காலையில் முதல் வேலையாகப் பையிலிருந்த இரண்டாம் தாளை எடுத்தேன். பதினான்கு நாளில் நாலாக மடிந்து கசங்கியிருந்தது. நீவி நிமிர்த்தினேன்.

விலக்குக்கான காரணம்: நடக்க இயலாத முதியவர்; சாய்தளத்தைத் திரும்பக் கட்ட வேண்டும்.

தாமதத்துக்கான காரணம்: ‘இணைக்க விடுபட்டது’ என்று எழுதினேன். அடித்தேன். ‘ஆய்வாளர் வேண்டுமென்றே இணைக்கவில்லை’ என்று எழுதினேன். மெமோ வரும். பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து பேரும் போகும். போகட்டும்.

கடைசி வரி: ஆய்வாளருக்கு இவ்வீட்டாருடன் உறவு உண்டா? இத்தனை வருஷத்தில் எந்தத் தாளிலும் ‘இல்லை’ தவிர வேறு எழுதியதில்லை. ‘உண்டு. முதியவர் என் மாமனார். மேயர் என் ஓரகத்தி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தந்தி கோப்பை வாங்கி இரண்டு தடவை படித்தான். என்னைப் பார்த்தான். “மேடம், இதை நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்” என்றான்.

“சொல்லு” என்றேன்.

வயிற்றெரிச்சல் போய்விட்டது என்று எழுதமாட்டேன். இன்றைக்கும் டிவியில் அவள் வந்தாள். இந்தத் தடவை மாமாவுக்குப் போன் போட்டு, பேசிக்கொண்டே பார்த்தோம்.