லைசென்ஸ் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகள்

எடிசன், நியூ ஜெர்சி
10-6-1995

அன்புள்ள டேவிட்சனுக்கு,

நான், குந்தவை, பிள்ளை பரணி மூவரும் சுகம். உன் வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். ஆனால் இந்தத் தடவை கொஞ்சம் கோபத்தோடு எழுதுகிறேன்.

இந்த ஊருக்கு வந்த மூன்று வருஷமாக, அங்கே ஞாயிறு காலை ஏழு மணி ஆகும்போது நான் ஹாம் ரேடியோ முன்னால் உட்கார்ந்து உன்னை அழைக்கிறேன். புது வருஷத்திலிருந்து நீ வரவே இல்லை. செட் கெட்டுவிட்டதா? ஏரியல் அறுந்துவிட்டதா? உன் பெண் லின்சி கல்யாணத்துக்கு நான் வரவில்லை என்ற வருத்தமா? பக்கத்து வீட்டு ஜெகபர் அலிக்குப் போன் போட்டு உன்னைக் கூப்பிட்டால், "எல்லாம் நல்லபடியா இருக்கு, வச்சிடட்டுமா" என்கிறாய். சுற்றி நாலு பேர் நின்றால் உனக்குப் பேச வராது என்று எனக்குத் தெரியாதா? மைக்கைக் கையில் கொடுத்தால்தான் உனக்கு வாயே திறக்கும்.

என்னவென்று எழுது.

உன்,
தியாகு


மன்னார்குடி
2-7-1995

அன்புள்ள தியாகு,

கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. பதில் எழுத உட்காரவே அலுப்பாக இருந்தது.

செட் நன்றாக இருக்கிறது. ஏரியலும் அப்படியே. கல்யாணத்துக்கு நீ வராத வருத்தம் பெண்ணைப் பெற்ற எல்சிக்கு இருந்தது, நீ அனுப்பிய சேலையைக் கட்டிப் பார்த்ததும் போய்விட்டது.

விஷயம் இதுதான். ரேடியோவில் பேசும் என் லைசென்ஸ் டிசம்பரோடு முடிந்தது. நான் புதுப்பிக்கவில்லை. கட்டணம் பெரிய தொகை இல்லை, கட்டத்தான் மனசு வரவில்லை. ஒன்றரை வருஷத்துக்கு முன் புயலில் நான் முத்துப்பேட்டையில் நாலு நாள் இருந்தது உனக்குத் தெரியும். போன் கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. டிராக்டர் பேட்டரியில் செட்டைப் போட்டு, எத்தனை மூட்டை அரிசி வேண்டும், எத்தனை படகு திரும்பவில்லை, போனவர்கள் பெயர் என்ன என்று தஞ்சாவூருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்தப் பெயர்களில் பாதி இன்னும் எனக்கு மனப்பாடம். கடைசி நாள் ஒரு அதிகாரி என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். நல்ல மனுஷர், கண் கலங்கியிருந்தது.

அடுத்த வருஷம் புதுப்பிக்கும் படிவத்தை எடுத்து வைத்தேன். கட்டணம் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. ஆபத்து என்றால் ஓடி வா, மற்ற நாளில் காசு கட்டிவிட்டு வாயைத் திற என்றால் என்ன நியாயம்? உங்கள் ஊரில் லைசென்சுக்குக் காசே வாங்குவதில்லை என்று நீதான் எழுதினாய்.

ஆற்றிலும் தண்ணீர் வரவில்லை. பாமணி ஆற்றில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். குறுவை சாகுபடி இந்த வருஷமும் கிடையாது. பள்ளிக்கூடம், வீடு, சாப்பாடு, தூக்கம். போதும்.

அன்புடன்,
டேவிட்சன்


எடிசன்
23-7-1995

அன்புள்ள டேவிட்சன்,

படித்துவிட்டுக் குந்தவையிடம் காட்டினேன். "அண்ணன் சொல்றது நியாயந்தானே" என்கிறாள். நியாயம்தான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் நீ கட்டாமல் விட்டதால் டெல்லி லைசென்ஸ் ஆபீசில் யாருக்கும் சாப்பாடு இறங்காமல் போகவில்லை. இங்கே எனக்குத்தான் ஞாயிறு ஞாயிறு பேசுகிறவன் இல்லாமல் போனான். தண்டனை யாருக்கு என்று பார்.

என் மைத்துனர் பஞ்சநதம் சென்னையில் இருக்கிறார். அவரிடம் சொன்னால் டிராஃப்ட் எடுத்து அனுப்பிவிடுவார், நீ கையெழுத்து மட்டும் போடு. அதுவும் வேண்டாம் என்றால் சும்மா பேசு. மன்னார்குடியில் உன்னைப் பிடிக்க யார் வரப்போகிறார்கள்?

ரெண்டும் முடியாது என்றால் சொல்லிவிடு. நீ செட்டை மூடிப் போட்டுவிட்டாய், நான் பூட்டின வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்கும் வயசாகிறது. செப்டம்பரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தியாகு


மன்னார்குடி
20-8-1995

அன்புள்ள தியாகு,

பஞ்சநதத்தைத் தொந்தரவு செய்யாதே. கட்டணம் தப்பு என்கிறேன். அதை வேறு ஒருவர் கட்டினால் சரியாகிவிடுமா?

சும்மா பேசு என்றாயே, அதற்குத்தான் பதில் எழுத வேண்டும். இந்தக் கட்டணத்தைக் கட்ட மாட்டேன் என்று சொல்ல எனக்கு யோக்கியதை வேண்டுமென்றால், கட்டாமல் பேசவும் கூடாது. கட்டாமல் பேசினால் அது கொள்கை இல்லை, கள்ளத்தனம். அதனால் ஜனவரி முதல் தேதி மைக்கைக் கழற்றி எல்சியின் தையல் மெஷின் டிராயரில் வைத்துவிட்டேன்.

ஆனால் செட்டை மூடவில்லை. கேட்பதற்கு யாரும் காசு கேட்பதில்லை. இன்றோடு முப்பத்து நாலு ஞாயிறு. ஒன்றும் விடவில்லை. நீ என் அழைப்புக்குறி எழுத்துகளை மூன்று தரம் சொல்வாய், நிறுத்துவாய், மறுபடி மூன்று தரம். எல்லாம் தேதியோடு நோட்டில் இருக்கிறது. மார்ச் இரண்டாம் வாரம் உனக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஜூனில் ஒருநாள் பின்னால் குந்தவை ஏதோ கேட்டாள், நீ "இரு, டேவிட்சன் வருவான்" என்றாய்.

அன்றைக்கு டிராயர் வரை போய்விட்டேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

நீ நிறுத்துவதென்றால் நிறுத்திக்கொள். குறை சொல்ல மாட்டேன்.

டேவிட்சன்


எடிசன்
8-9-1995

டேவிட்சன்,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். எழுத வெட்கமாக இல்லை.

இனி கட்டு என்று சொல்ல மாட்டேன். வருகிற 24ஆம் தேதி ஞாயிறு வழக்கம்போல அழைப்பேன். அழைத்துவிட்டு உனக்காக மூன்று நிமிஷம் பேசாமல் இடம் விடுவேன். நீ பதில் சொல்ல வேண்டாம். மைக் டிராயரிலேயே இருக்கட்டும். மனசில் இருப்பதை அங்கேயே சொல்லிக்கொள். காத்திருப்பதற்கு உன் நாட்டிலும் கட்டணம் இல்லை, என் நாட்டிலும் இல்லை.

தியாகு


மன்னார்குடி
24-9-1995

அன்புள்ள தியாகு,

ஆலயத்துக்கு எல்சி மட்டும் போயிருக்கிறாள். எனக்குக் காலையிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை.

ஏழு மணிக்கு உன் குரல் கேட்டது. சிக்னல் பிரமாதம், பக்கத்து அறையில் இருப்பதுபோல். நீ நிறுத்தியதும் நான் ஆற்று விஷயம் சொன்னேன். லின்சிக்கு மாசம் ஐந்து என்று சொன்னேன். சுவரைப் பார்த்துக்கொண்டுதான். எல்சி காபியை வைத்துவிட்டு ஆலயத்துக்குக் கிளம்பினாள்.

இரண்டாவது நிமிஷம் யாரோ ஐரோப்பாக்காரர், அலைவரிசையில் இடம் காலி என்று நினைத்து, உள்ளே வந்து கூப்பிட ஆரம்பித்தார். நீ அவரிடம், "மன்னிக்கணும், இங்கே ஆள் இருக்கிறார்" என்றாய். அவர், தனக்கு ஒன்றும் கேட்கவில்லையே என்றார். "எனக்கும் கேட்கலை. ஆனா இது அவர் முறை" என்றாய். அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு விலகிப் போனார்.

மீதி ஒரு நிமிஷத்தில் எழுந்து போய்ப் படிவத்தை எடுத்து வந்தேன்.

கட்டணம் தப்பு என்பதில் மாற்றமில்லை. அதைத் தனித்தாளில் எழுதிப் படிவத்தோடு வைத்திருக்கிறேன், யாரும் படிக்கப் போவதில்லை. நாளை பாங்கில் டிராஃப்ட் எடுத்து டெல்லிக்கு அனுப்புகிறேன். லைசென்ஸ் வர எத்தனை மாதம் ஆகும் என்று தெரியவில்லை.

அதுவரை என் இடத்தை யாருக்கும் விட்டுவிடாதே.

உன்,
டேவிட்சன்