மச்சறைக்கு ஓர் எண்

லூயிஸ்டவுன், மொன்டானா
ஏப்ரல் 6, 1998

அன்புள்ள மார்லிஸ்,

நீயும் உன் தங்கை ஜோனெட்டும் சௌக்கியம்தானே? போனை எடுத்தால் எனக்குப் பேச்சு வருவதில்லை. "உம்... சரி..." என்று வைத்துவிடுகிறேன், நீ கோபித்துக்கொள்கிறாய். அதனால் எழுதுகிறேன்.

ஒரு வேலை ஆரம்பித்திருக்கிறேன். சமையலறைக்கு மேலே இருக்கும் மச்சைத் துப்பாக்கிகளுக்கான பூட்டறையாக மாற்றப்போகிறேன். கூடத்துக் கண்ணாடி அலமாரியில் நிற்பதெல்லாம் மேலே போய்விடும். இப்போதெல்லாம் திருட்டு பயம் அதிகமாகிவிட்டது. பக்கத்துப் பண்ணை கஸ் வந்து பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இரும்புக் கதவ இது தாங்காதுப்பா, ஒருநாள் சூப் சட்டியிலதான் வந்து விழும்" என்றான். அடியில் புது உத்திரம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

மச்சில் இருந்த உன் பழைய கம்பளிக் கோட்டைக் கீழே கொண்டுவந்து, கதவுக்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறேன். யாரோ இப்போதுதான் வெளியே போயிருக்கிற மாதிரி இருக்கிறது.

உன்
லாய்ட்

ஸ்போக்கேன்
ஏப்ரல் 15

அன்பு லாய்ட்,

உன் கையெழுத்தைப் பார்த்து எத்தனை வருஷம்! கடிதத்தைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் திருட்டு பயமா? நம் சாலையில் திருட வருகிறவன் வழி தெரியாமல் நம் கதவையே தட்டுவான். நீயும் அவனுக்குச் சோறு போட்டு அனுப்புவாய்.

நான் ஏன் வீட்டை விட்டுத் தங்கையிடம் வந்தேன் என்பது உனக்குத் தெரியும். உன் தம்பி வெர்ன் டிராக்டர் கவிழ்ந்து இறந்துபோனதிலிருந்து நீ சரியாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை. பிப்ரவரியில் நான் மாட்டுக் கொட்டகைக்கு வந்தபோது துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். "என்ன பண்றே, லாய்ட்?" என்றேன். "தொடைக்கிறேன்" என்றாய். பக்கத்தில் துணியும் இல்லை, எண்ணெயும் இல்லை. கொஞ்ச நாள் எல்லாவற்றையும் கஸ்ஸிடம் கொடுத்து வைக்கலாம் என்று கெஞ்சினேன். "எங்கப்பா வச்சுட்டுப் போன சாமானைப் பத்தி நீ பேசாதே" என்று எழுந்து போய்விட்டாய். அதற்குப் பிறகு வீட்டில் ஒரு கதவு அடித்துச் சாத்தினாலும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அந்தப் பயத்தோடு என்னால் இருக்க முடியவில்லை. உன்மேல் எனக்குக் கோபமில்லை.

இதை மட்டும் சொல். அந்தப் பூட்டு யாரைத் தடுக்க? வேலை முடியும்வரை துப்பாக்கிகளெல்லாம் எங்கே இருக்கின்றன?

மார்லிஸ்

லூயிஸ்டவுன்
மே 11

அன்புள்ள மார்லிஸ்,

கஸ் வண்டியோடு வந்து நின்றான். "எல்லாத்தையும் எடுத்துக் குடு. வெறுங்கையோட போனா என் பொண்டாட்டி என்னை வீட்டுக்குள்ள சேத்துக்கமாட்டா" என்றான். நீ போன் செய்திருக்கிறாய் என்று புரிந்தது. முதலில் ஆத்திரமாக வந்தது. பிறகு துப்பாக்கிகளை ஒவ்வொன்றாக நானே எடுத்துக் கொடுத்தேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

அறை உருவாகிவிட்டது. சுவருக்கு உள்பக்கம் இரும்புத் தகடு. கீல்கள் வெளியே தெரியாது. ஈரத்தில் துரு பிடிக்காமல் இருக்க ஒரு சின்ன ஹீட்டர் குழாய். தோட்டாக்களுக்குத் தனிப் பெட்டி, அதற்குத் தனிப் பூட்டு. மச்சு ஜன்னலை அடைக்கும்போது மட்டும் மனசு கேட்கவில்லை. அங்கே நின்றுதானே மலையில் பனி இறங்கிவிட்டதா என்று பார்ப்பாய்? கூடத்தில் இன்னொரு ஜன்னல் திறந்து தருகிறேன்.

கதவைக் கயிறு கட்டி ஏற்றினோம். பாதியில் சிக்கிக்கொண்டது. "லாய்ட், இது விழுந்தா என்னையும் உள்ளே வச்சுப் பூட்டிரு, வீட்டைவிட நிம்மதியா இருப்பேன்" என்றான் கஸ். சிரித்தேன், மார்லிஸ். என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

வாரம் ஒருமுறை டவுனில் டாக்டரைப் பார்க்கிறேன். அவர் கேட்கிறார். நானும் கொஞ்சம் பேசுகிறேன். வாசல் லைலாக் பூச்செடி மொட்டு விட்டிருக்கிறது. வருவாயா?

லாய்ட்

ஸ்போக்கேன்
மே 19

அன்பு லாய்ட்,

நீ சிரித்தாய் என்பதை ஜோனெட்டிடம் படித்துக் காட்டினேன். துப்பாக்கிகளையெல்லாம் விற்றுத் தொலைக்கச் சொல் என்கிறாள் அவள். எனக்கு அப்படி இல்லை. நவம்பரில் எல்க் மான் வேட்டை முடிந்து, மூக்கெல்லாம் சிவந்து, ஒரு மைல் தூரத்திலிருந்தே என் பேரைக் கத்திக்கொண்டு வருவாயே, அந்த மனுஷன் எனக்குத் திரும்ப வேண்டும்.

ஆனால் கதவைப் பற்றி இத்தனை எழுதிய நீ, அந்தப் பூட்டு யாரைத் தடுக்க என்று நான் கேட்டதற்குப் பதில் எழுதவில்லை.

மார்லிஸ்

லூயிஸ்டவுன்
ஜூன் 2

மார்லிஸ்,

என்னைத் தடுக்கத்தான்.

இதை எழுத இரண்டு தாளைக் கிழித்தேன். கொட்டகையில் நான் எதையும் துடைக்கவில்லை. நீ உள்ளே வந்து என் பேரைச் சொன்னாய். அதனால்தான் இன்றைக்கு இந்தப் பூட்டைப் போட உயிரோடு இருக்கிறேன்.

பூட்டுக்காரர் வந்தார். திருகி எண் சேர்க்கும் பூட்டு. "என்ன நம்பர் வைக்கலாம்?" என்றார். "நம்பர் வைக்கறவ ஸ்போக்கேன்ல இருக்கா" என்றேன். "அப்ப நீங்க எப்படித் திறப்பீங்க?" "அவளைக் கேட்டுத்தான்." மனிதர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, எண்ணை மாற்றும் விதத்தைக் காட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

எண்ணை நீயே வை. என்னிடம் சொல்லாதே. நான் கெஞ்சினாலும், கத்தினாலும், "இப்ப நல்லாயிட்டேன்" என்று சத்தியம் செய்தாலும் சொல்லாதே. அதுவரை எல்லாம் கஸ் வீட்டிலேயே இருக்கட்டும். நீ வரவில்லையென்றால் அந்த அறை காலியாகவே கிடக்கட்டும், கவலையில்லை. வீடு காலியாகக் கிடப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

லாய்ட்

ஸ்போக்கேன்
ஜூன் 8

என் லாய்ட்டுக்கு,

வெள்ளிக்கிழமை ஜோனெட் காரில் கொண்டுவந்து விடுகிறாள். "உங்க கல்யாண நாளையே நம்பரா வச்சுரு, அவருக்கு அது ஒருநாளும் ஞாபகம் இருந்ததில்ல" என்கிறாள். வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆனால் அது இல்லை, வேறு எண்.

வேட்டைக்குப் போக வேண்டும் என்று நவம்பரில் நீ கேட்பாய். உடனே மேலே ஏறமாட்டேன். முதலில் உன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பேன். அதற்குக் கோபித்துக்கொள்ளாதே. சில நாள் திறப்பேன், சில நாள் திறக்கமாட்டேன். திறக்காத நாளில் உன்னோடு உட்கார்ந்திருப்பேன்.

உன்
மார்லிஸ்